இரண்டு கிளாம்ப் போட்ட குழாய்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். சுவருக்கே தன் காதைக் கொடுத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். நாலாவது மாடியில் சொட்டுகிற குழாயைத் தரைத்தள வாசலில் நின்றே கேட்டு, "இடது பக்கக் குளியலறை, வெந்நீர்க் குழாய், வாஷர் போயிருக்கு" என்று சொல்லிவிடுவார். சரி, நாலாவது மாடி என்பது கொஞ்சம் கூடுதல்தான். இரண்டாவது மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்பதையும் விட்டுவிடுவோம். எங்கோ சொட்டுகிறது என்று கேட்டாரே, அதில் மட்டும் துளி கலப்படம் இல்லை.

தொழில் பிளம்பர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவரே ஒரு நொடி யோசிப்பார். எல்லோருக்கும் அவர் சுவர்க்காது. கசிவு என்று கூப்பிட்டால் பையை இறக்கி வைப்பார், யாரும் பேசக் கூடாது என்று கை காட்டுவார், சுவரிலோ தரையிலோ காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்கள் மூச்சைக்கூடத் தவணை முறையில்தான் விடுவார்கள்.

தொழிலில் அவருக்கு இரண்டே பிடிவாதங்கள். ஒன்று, உள்ளே நுழைந்ததும் கேட்கிற கேள்வி: "இதுல ஏற்கெனவே யாராவது கை வச்சாங்களா?" எல்லா வீட்டிலும் "இல்லவே இல்ல" என்பார்கள். தரை டைலைப் பெயர்த்தால் யாரோ அப்பிய எம்-சீல் பசை பல்லைக் காட்டும். இரண்டாவது, ஒரு ஜாயின்டுக்கு ஒரு வைத்தியம். "டேப்பும் சுத்தி, கிளாம்பும் போட்டு, மேல பசையும் பூசினா எது தாங்குதுன்னு எப்படித் தெரியும்? புது ஜாயின்ட் போட்டா பழைய கிளாம்பைக் கழட்டிப் பார்க்கணும். கழட்டாம போறவன் பிளம்பர் இல்ல, ஜோசியக்காரன்."

இந்த இரண்டாவது பிடிவாதம்தான் அவரைக் கவிழ்த்தது. முதலாவதுதான் கைதூக்கிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் மனைவியைச் சொல்லியாக வேண்டும்.

அவள் சலவை நிலையத்தில் கறை எடுப்பவள். மையா, எண்ணெயா, உதட்டுச் சாயமா, யாருடைய உதட்டுச் சாயம் என்பது வரை சட்டையைப் பார்த்தே சொல்லக்கூடியவள். ஒரு நாள் கணவரின் உள்ளாடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க இது?"

"துருத் தண்ணி பட்டிருக்கும். பழைய இரும்புக் குழாய் வேலை."

"துருக்கறை எது, ரத்தக்கறை எதுன்னு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா? எத்தனை நாளா?"

அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் கசிவு எதுவும் இல்லை. ஆகவே தப்பிக்க வழியும் இல்லை.

அப்படித்தான் குடல் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "பெருங்குடலோட உள்பக்கம் முழுக்கப் புண். உங்க உடம்போட காவல்படையே உங்க குடலை எதிரின்னு நினைச்சு அடிக்குது."

"நான் என்ன பண்ணினேன் அதுக்கு?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாது."

சுவர்க்காதின் குழப்பம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. காரணம் இல்லாத கசிவை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

முதலில் கொடுத்த மாத்திரை சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் ஸ்டீராய்டு வந்தது. அது மாத்திரை இல்லை, மந்திரம். ரத்தம் நின்றது, கழிப்பறைக்கு ஓடுவது நின்றது, வயிறு வாயை மூடிக்கொண்டது. ஆனால் முகம் பூசணிக்காய் போல் உருண்டது, தூக்கம் தொலைந்தது, மூக்கு நுனியில் கோபம் குடியேறியது. டாக்டரம்மா அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு படிக்குக் கீழே இறங்கியதும் ரத்தம் திரும்பியது. மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ரத்தம்.

"இதை நம்பி இனிமே ஓட்ட முடியாது," என்றார் டாக்டரம்மா. "நெருப்பை அணைக்க வந்த வண்டியை வீட்டு வாசல்லயே நிறுத்தி வைக்கிற மாதிரி ஆயிடுச்சு. எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணு கெடும். வேற மருந்துக்கு மாறணும்."

"என்ன மருந்து?"

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். மெதுவாக வேலை செய்கிற மாத்திரை ஒன்று, பெயர் அசதயோப்ரின். மணிக்கணக்கில் நரம்பில் ஏற்றுகிற மருந்து ஒன்று. குடலை மட்டும் பார்த்துக்கொண்டு மற்ற இடத்துக்கு அவ்வளவாகப் போகாத ஊசி ஒன்று. வேகமாகப் பிடிக்கிற புது மாத்திரை ஒன்று. அதற்கு முன் இதயம் எப்படி, ரத்தம் உறைந்து கட்டுகிற ஆபத்து உண்டா என்று பார்க்க வேண்டும். எதுவும் கேட்காவிட்டால் அறுவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்மை, ஒரு 'ஆனால்'. வெளியே வந்தபோது சுவர்க்காதுக்கு 'ஆனால்'கள் மட்டும்தான் நினைவில் இருந்தன.

வாசலில் மனைவியின் தம்பி காத்திருந்தான். வேன் ஓட்டுகிறவன், ஆனால் அவன் வாய் வேனை எப்போதும் முந்தும்.

"மச்சான், எங்க முதலாளியோட மாமியாருக்கு இதே வியாதி. கற்றாழைச் சாறு குடிச்சு எந்திரிச்சு நடந்தாங்க."

"அவங்களுக்கு முட்டிவலிடா," என்றாள் அக்காள்.

"எந்திரிச்சு நடந்தாங்கன்னுதானேக்கா சொன்னேன்?"

"மாப்ள, நீ வண்டியை எடு," என்றார் சுவர்க்காது. "ஏற்கெனவே இருக்கிற குழப்பம் போதும்."

கடைசியில் அசதயோப்ரின் என்று முடிவானது. டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லித்தான் அனுப்பினார்: "இது வேலை செய்ய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் ஸ்டீராய்டும் கூடவே ஓடணும். நான் சொல்றபடிதான் படிப்படியாக் குறைக்கணும். நீங்களா நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கும் தவறாம வரணும்."

சுவர்க்காது தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் காது கேட்பதற்கும் தொடர்பில்லை என்பது கல்யாணமான எல்லோருக்கும் தெரியும்.

சில வாரம் இரண்டையும் விழுங்கினார். வயிறு அமைதியாக இருந்தது. ஒரு காலை, யாரோ வீட்டு வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது அவருக்குள் இருந்த பிளம்பர் விழித்துக்கொண்டான். எது தாங்குகிறது, புது ஜாயின்டா, பழைய கிளாம்பா? கழற்றாமல் எப்படித் தெரியும்? அன்றே ஸ்டீராய்டை நிறுத்தினார். குறைக்கவில்லை, ஒரேயடியாக நிறுத்தினார். மிச்ச மாத்திரைப் பட்டைகளை வேலைப் பையில் டெஃப்லான் டேப் உருண்டைகளுக்கு அடியில் செருகிவைத்தார். மனைவியின் கண்ணுக்குத் தப்புகிற ஒரே இடம் அதுதான். அந்தப் பையின் கிரீஸைத் தொட்டால் அதைத் துவைக்க வேண்டியதும் தானே என்பதால் அவள் தொடமாட்டாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தியா, ஜாயின்ட் நிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. சோறு பிடிக்கவில்லை. எழுந்தால் கண் இருட்டியது. ரத்தமும் வந்தது, முன்பைவிட அதிகமாக. சரி, பழைய கிளாம்பைத் திரும்ப மாட்டியிருக்கலாம் இல்லையா? மாட்டவில்லை. சோதனையைப் பாதியில் விட மனமில்லை என்று ஒரு நாள் நினைத்தார். இப்போது சொன்னால் வீட்டில் பெரிய கலவரமாகும் என்று மறுநாள் நினைத்தார். அதற்கடுத்த நாள் என்ன நினைத்தார் என்பது அவருக்கே புரியவில்லை.

அந்த நிலைமையில்தான் கணக்கு டீச்சர் வீட்டுக்கு வேலைக்குப் போனார். டீச்சர் ஓய்வுபெற்றவர், வீட்டில் ஈக்கள்கூட வரிசையில்தான் பறக்கும். குளியலறைத் தரைக்கு அடியில் எங்கோ கசிவு. சுவர்க்காது முழங்காலிட்டார், குனிந்தார், தரையில் காதை வைத்தார். அப்படியே மயங்கிப்போனார்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். கண் மூடியிருக்கிறது, காது தரையில் இருக்கிறது. அடடா, என்ன ஈடுபாடு! நுனிக்காலில் நடந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். வானொலியை நிறுத்தினார். வாசலில் பேச வந்த பக்கத்து வீட்டுக்காரியை, "உஸ்! உள்ளே கேட்டுட்டிருக்கார்" என்று விரட்டினார். அந்தத் தெருவே அரை நாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அரை நாள் இல்லை, ஒரு குக்கர் ஆறுகிற நேரம் இருக்கும். தெருவும் இல்லை, பக்கத்து வீடு மட்டும். கடைசியில் டீச்சருக்கே சந்தேகம் தட்டியது. பள்ளிக்கூடக் குரலில், "என்னப்பா, விடை கிடைச்சுதா?" என்று கேட்டார். பதில் வராமல்போகவே தோளைத் தொட்டார். தோள் சில்லென்று இருந்தது.

டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டார். வேன் அன்று முதல் தடவையாக மச்சினனின் வாயை முந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பாதாளத்தில் கிடந்தது. ஒரு பக்கம் இதய டாக்டர் வந்து ஒயர் ஒட்டினார். இன்னொரு பக்கம் மலத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. கை நரம்பில் ஒரு பாட்டில் ஏறத் தொடங்கியது.

"இது என்ன மருந்தும்மா?" என்று நர்ஸைக் கேட்டார்.

"ஸ்டீராய்டு ஐயா. மாத்திரைக்கு அடங்கலேன்னா நரம்புல போடுவோம்."

டேப் உருண்டைக்கு அடியில் தான் ஒளித்துவைத்தது, ஆஸ்பத்திரிக்குள் புகுந்து கையைப் பிடித்துக்கொண்டுவிட்டதே என்று சுவர்க்காது திகைத்தார்.

தலைசுற்றல் நின்றது. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா தினமும் வந்தார், எத்தனை தடவை போனீர்கள் என்று கேட்டார், வயிற்றை அழுத்தினார், முகம் சுருக்கினார். ஒரு நாள் கூடவே ஒருவர் வந்து ரொம்பப் பணிவாகச் சிரித்தார். அவர் அறுவை டாக்டர்.

"சும்மா அறிமுகத்துக்குத்தான் வந்தேன்," என்றார்.

"சும்மா வர்றவங்க கையைக் கழுவிட்டா வருவாங்க?" என்றார் சுவர்க்காது.

அவர் ஒளிக்காமல் சொன்னார்: மருந்துக்கு அடங்காவிட்டால் பெருங்குடலை எடுக்க வேண்டியிருக்கும். வயிற்றில் ஒரு வழி வைத்து வெளியே பை மாட்டுவார்கள். "அது தண்டனை இல்ல. எவ்வளவோ பேர் அதோட நல்லா வேலைக்குப் போறாங்க. தாமதம் பண்ணினாத்தான் ஆபத்து."

நல்ல மனிதர்தான். ஆனால் அவர் போன பிறகு சுவர்க்காது கட்டிலில் மெதுவாகக் குப்புறப் படுத்துப் பார்த்தார். தரையில் காது வைக்க இப்படித்தானே படுக்க வேண்டும்? பை எங்கே இருக்கும்? வயிற்றுக்கும் படுக்கைக்கும் நடுவில் கையைச் செருகிப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மனைவி போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"நரம்புல போட்ட ஸ்டீராய்டும் கேக்கல. இனிமே காத்திருக்கக் கூடாது. குடலைக் காப்பாத்த ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சைக்ளோஸ்போரின். அது ஒரு பாலம். ஆத்தைத் தாண்டி விட்டுடும். அந்தப் பக்கம் போனதுக்கு அப்புறம் அசதயோப்ரின்தான் உங்களைத் தாங்கணும். ஆனா அசதயோப்ரின் உங்களுக்கு ஏற்கெனவே தோத்துடுச்சே, பாலம் போட்டு எங்க இறக்கிவிடறது? இன்னொண்ணு இன்ஃப்ளிக்ஸிமாப். நரம்புல ஏத்தறது. அதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும்."

"குடல்லதானே புண்ணு, நெஞ்சுல எதுக்குப் படம்?" என்றான் மச்சினன். முதல் முறையாக அவன் கேட்டது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

"நெஞ்சுல பழைய காசநோய் தூங்கிட்டிருந்தா இந்த மருந்து அதை எழுப்பிவிட்டுடும். மஞ்சள்காமாலைக் கிருமிக்கும் ரத்தம் பார்க்கணும்." டாக்டரம்மா நோயாளியின் பக்கம் திரும்பினார். "ஒரு விஷயம்தான் எனக்குப் பொருந்தி வரல. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருந்தவருக்கு எப்படி இவ்வளவு அழுத்தம் விழும்? இதயமும் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. மருந்துல நீங்களா ஏதாவது கை வச்சீங்களா?"

சுவர்க்காது நிமிர்ந்து பார்த்தார். எத்தனை வீட்டு வாசலில் நின்று அவர் கேட்ட கேள்வி! "இல்லவே இல்ல" என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பதிலைச் சொன்ன முகங்கள் ஒவ்வொன்றும், அதற்கு அடியில் பல்லைக் காட்டிய எம்-சீலும், வரிசையாக வந்து நின்றன.

"வச்சேன்," என்றார்.

டாக்டரம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

"ஸ்டீராய்டை நிறுத்திட்டேன். புது மருந்து தாங்குதான்னு பார்க்க. கிளாம்பைக் கழட்டினாத்தானே ஜாயின்ட் தெரியும்?"

"மாத்திரை எங்கங்க?" என்றாள் மனைவி. குரல் வெந்நீர்க் குழாய் திறந்ததுபோல் இருந்தது.

"பையில. டேப்புக்கு அடியில."

"ஸ்டீராய்டுக்குன்னு தினமும் தண்ணி மோந்து கொடுத்தேனே, எதை முழுங்கினீங்க?"

"தண்ணியை."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். கோபமா சிரிப்பா என்று அவர் முகமே முடிவு செய்யவில்லை. "ஐயா, நாள்பட ஸ்டீராய்டு சாப்பிட்டா, உடம்புக்குள்ள அதைத் தயாரிக்கிற தொழிற்சாலை தூங்கிப்போயிடும். படிப்படியா எழுப்பணும். நீங்க ஒரேயடியா நிறுத்தினீங்க. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. அதான் விழுந்தீங்க. இது குழாயைக் கழட்டறதில்ல, மொத்த ஊருக்கும் பம்ப்பை நிறுத்தறது."

"அப்போ..." சுவர்க்காதின் கண்ணில் ஒரு பேராசை மின்னியது. "ஸ்டீராய்டு தோக்கலையா? குடலை எடுக்க வேண்டாமா?"

"மாத்திரை தாங்கியிருக்குமா இல்லையான்னு இனிமே யாருக்கும் தெரியாது. அதை நீங்களே கலைச்சுட்டீங்க. ஆனா நரம்புல போட்டது கேக்கல. அதை எல்லாரும் கண்ணால பார்த்தாச்சு. குடல் இன்னும் ஆபத்துலதான் இருக்கு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "ஒரு நல்லது இருக்கு. அசதயோப்ரின் தோக்கல. அது வேலையே ஆரம்பிக்கல. அதனால ரெண்டு வழியும் திறந்திருக்கு."

"நீங்க எதைப் போடுவீங்க?"

"ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உதவும். சைக்ளோஸ்போரின்னா சிறுநீரகத்தைக் காவல் காக்கணும், ரத்தத்துல அளவு பார்த்துக்கிட்டே இருக்கணும். இன்ஃப்ளிக்ஸிமாப் எங்க கைக்குப் பழகினது. கேட்டுச்சுன்னா அதையே தொடரலாம். நான் அதைத்தான் போடுவேன். கூடவே அசதயோப்ரினும் ஓடும்."

"மறுபடியும் ரெண்டா?"

"ரெண்டுதான். இன்ஃப்ளிக்ஸிமாப்பை உடம்பு சில சமயம் அந்நியன்னு நினைச்சுத் தள்ளிடும். தள்ளவிடாம மாத்திரை பிடிச்சுக்கும்."

"அப்போ எது தாங்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சுக்க வேண்டாம்," என்றார் டாக்டரம்மா.

இருபது வருஷத் தொழிலை இரண்டே சொல்லில் கவிழ்த்துப்போட்டுவிட்டுப் போய்விட்டார்.

படத்தில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ரத்தமும் சுத்தம். மருந்து ஏறியது. பார்வைக்கு வெறும் தண்ணீர்; அதில் என்ன இருக்கிறது என்று பாட்டிலில் காதை வைத்தாலும் தெரியாது. ஏறி முடிந்த பிறகு நர்ஸிடம் ஸ்டெதாஸ்கோப்பை இரவல் கேட்டார். முதலில் மறுத்தவள், அப்புறம் காதில் மாட்டிவிட்டாள். தன் வயிற்றின் மேல் வட்டத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பழக்க தோஷத்தில் எல்லோரும் மூச்சை அடக்கினார்கள்.

"என்னங்க கேக்குது?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "என்னென்னமோ ஓடுது. எங்க போகுது, எங்க கசியுது, ஒண்ணும் புரியல."

கழற்றிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவிக்கு அப்போதுதான் பயம் வந்தது. சுவர்க்காது புரியவில்லை என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் ரத்தம் குறைந்தது. மறுபடி கொஞ்சம் வந்தது. எல்லோர் முகமும் விழுந்தது. மறுபடி குறைந்தது. ஒரு காலை மனைவி போர்வையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். "சூப்," என்றாள். "நேத்துச் சிந்தின தக்காளி சூப்." சொல்லிவிட்டு அந்தப் போர்வையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அறுவை டாக்டர் அன்றைக்கும் எட்டிப் பார்த்தார், இந்த முறை விடைபெறுவதற்கு.

வீட்டுக்கு வந்த பிறகும் மருந்து ஏற்ற அவ்வப்போது போக வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ஓட வேண்டும். மருந்து ஏற்றுகிற அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்கு இதே இன்ஃப்ளிக்ஸிமாப் முதலில் கேட்டு, பிறகு கேட்காமல் போய், இப்போது குடலை மட்டும் பார்க்கிற வேடோலிஸுமாப். "மெதுவாத்தான் பிடிக்கும், ஆனா இதுதான் சார் மருந்து!" என்பார். எதிர் நாற்காலிக்காரரின் மகளுக்கு டோஃபாசிடினிப் என்கிற மாத்திரை, அதுதான் மருந்து. கண்டக்டரின் அண்ணனுக்குக் குடலையே எடுத்துவிட்டார்கள். பையோடு தினம் நீச்சல் அடிக்கிறாராம், அதுதான் நிம்மதியாம். சுவர்க்காது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். ஒரே வியாதிக்கு ஆளுக்கொரு சாவி எப்படி என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கணக்கு டீச்சர் வீட்டுக் கசிவை முடித்துக்கொடுத்தார். இந்த முறை டீச்சர் வாசல்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவ்வப்போது "உயிரோட இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறவர், உயிரோடு இருக்கிறேன் என்று பதில் சொன்னால் கசிவின் சத்தம் தவறிப்போகும் என்பதால், ஒரு கையை மட்டும் ஆட்டிக்காட்டினார்.

இப்படியாக, மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசையைச் சுவர்க்காது அடியோடு மறந்து, எது தாங்குகிறது என்ற கேள்வியைத் தலைமுழுகிவிட்டு, நிம்மதியாக இருக்கிறார்.

நான் எழுதி வாசித்த இவ்வளவையும் சட்டை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி இந்த இடத்தில்தான் கையை நிறுத்தினாள். "எல்லாம் சரி, ரெண்டு தப்பு. ஆரம்பத்துல எழுதினீங்களே சொட்டற சத்தம், அது ரெண்டாவது மாடியும் இல்ல, குழாயும் இல்ல. பக்கத்து அறைக் கடிகாரம். அதை நம்பி ஒரு சுவரையே உடைச்சுட்டு வந்தார். இன்னொண்ணு, யார் மறந்தா? போன தடவைகூட டாக்டரம்மாகிட்ட, 'ரெண்டுல ஒண்ணைக் கழட்டிப் பார்க்கலாமா'ன்னு கேட்டார். 'இப்போ வேண்டாம்'னாங்க. முன்னாடி கழட்டிட்டு விழுந்தார், இப்போ கேட்டுட்டு முழுங்கறார். அவ்வளவுதான் வித்தியாசம், அதை மாத்தி எழுதுங்க."